அம்மாவுக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன், பிள்ளைகளிடம் என்ன சொல்வது? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

எங்கள் வீடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். வீட்டில் பேசுவது தமிழ், பிள்ளைகள் படிப்பது மலையாளம் மீடியம், பெரிய ஆஸ்பத்திரி என்றால் வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூர். மூன்று வருடம் முன்னால் அங்கேதான் எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையைச் சின்னதாக்கும் ஆபரேஷன்) நடந்தது. அப்போது என் எடை 118 கிலோ. சர்க்கரைக்கு இரண்டு வேளை இன்சுலின். இரவில் குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வரும். மகனுக்கு அப்போது 12 வயது, மகளுக்கு 6.

என் உடம்பைப் பற்றி டாக்டரும் டயட்டீஷியனும் எல்லாமே விளக்கினார்கள். பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதில் தவறு செய்துவிட்டேன். அதன் பிறகு நல்லேப்பள்ளி, மீனாட்சிபுரம், பொள்ளாச்சி என்று அக்கம்பக்கத்து அம்மாமார் போனில் கேட்டவைதான் கீழே இருக்கும் கேள்விகள். மருந்து, சாப்பாட்டு அளவு எல்லாவற்றுக்கும் உங்கள் டாக்டர் சொல்வதே முடிவு.

சொல்லாமலே முடித்துவிட்டால் என்ன? சின்னப் பிள்ளைகள்தானே?

நான் அப்படித்தான் செய்தேன். "அம்மா வயித்துல கல்லு இருக்கு, எடுத்துட்டு வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். நாலாம் நாள் வீட்டுக்கு வந்தேன். ஒரு வாரம் கழித்து, ஸ்கூல் வேனை விட்டு இறங்கும்போதே மகளின் முகம் சரியில்லை. வேனில் வரும் பெரிய பெண் ஒருத்தி, "உங்கம்மா வயித்த வெட்டி எடுத்துட்டாங்களாம், இனிமே சாப்பிடவே முடியாதாம்" என்று சொல்லியிருக்கிறாள்.

மகள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ராத்திரி, "கல்லு எங்கே, காட்டு" என்றாள்.

அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அம்மா இன்னும் எதையோ மறைக்கிறாள் என்ற சந்தேகம் அவளுக்குப் போக மாதக்கணக்கானது. எனக்குத் தலைவலி என்றால்கூட, "நெசமாவே தலைவலிதானா?" என்று கேட்பாள். ஆகவே சொல்லுங்கள். நம் ஊர்களில் ஒரு வீட்டு விஷயம் நாலு வீட்டுக்குப் போகாமல் இருக்காது. பிள்ளை அதை முதலில் உங்கள் வாயால் கேட்கட்டும்.

எத்தனை நாள் முன்னால் சொல்லலாம்?

பத்து வயதுக்கு மேல் என்றால் தேதி முடிவானதுமே. ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் போலச் சோறு, இட்லியெல்லாம் குறைத்து ஒரு டயட் கொடுப்பார்கள். இரைப்பைக்கு மேலே படுத்திருக்கும் கல்லீரல் கொழுப்பால் வீங்கியிருக்கும், அது கொஞ்சம் சுருங்கினால்தான் சர்ஜனுக்கு இடம் கிடைக்கும். நீங்கள் சோற்றை விட்டது பெரிய பிள்ளையின் கண்ணில் அன்றே பட்டுவிடும்.

சின்னவர்களுக்கு நாலைந்து நாள் முன்னால் போதும். ரொம்ப முன்கூட்டிச் சொன்னால் தினமும் காலையில் எழுந்ததும் "இன்னிக்கா?" என்று பயப்படுவார்கள். படுக்கப் போகும் நேரத்திலும் பெட்டி கட்டும் நேரத்திலும் இந்தப் பேச்சு வேண்டாம். நிலக்கடலை உரித்துக்கொண்டோ, துணி மடித்துக்கொண்டோ சொல்லுங்கள். கைக்கு ஒரு வேலை இருந்தால் பிள்ளைகள் கேட்கத் தயங்க மாட்டார்கள்.

எந்த வார்த்தையில் சொல்வது?

முதலில் 'வயிறு' என்ற சொல்லில் கவனமாக இருங்கள். நமக்குத் தொப்புள் இருக்கும் இடமும் வயிறுதான், சாப்பாடு போய் விழும் பையும் வயிறுதான். 'வயித்தைக் குறைச்சாங்க' என்றதும் என் மகள், இடுப்புக்கு மேலே ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். "உள்ளே சாப்பாடு போய் விழற ஒரு பை இருக்கு, அதைச் சின்னதாக்குறாங்க" என்று சொல்லுங்கள். ஸ்லீவில் அந்தப் பையில் முக்கால் பங்குக்கும் மேலே நீளவாக்கில் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய். ஒரு நேந்திரம்பழத்தைக் கையில் கொடுத்துக் காட்டினேன், மகளுக்கு உடனே புரிந்தது.

ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்: "அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி இருக்கு, மூச்சு வாங்குது. அது சரியாக டாக்டர் ஒரு ஆபரேஷன் பண்றாரு. மூணு நாள் ஆஸ்பத்திரியில இருப்பேன். அப்பத்தா உன்கூட இருப்பாங்க. தினமும் போன்ல பேசுவேன்."

"தூங்க வைப்பாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். செத்தவர்களையும் நம் வீடுகளில் 'தூங்கிட்டாங்க' என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லிவைக்கிறோம். அதைக் கேட்ட பிள்ளை தானே தூங்கப் பயப்படும். "வலி தெரியாம இருக்க மயக்க மருந்து கொடுப்பாங்க. அது ராத்திரித் தூக்கம் மாதிரி இல்ல. ஆபரேஷன் முடிஞ்சு மருந்தை நிறுத்தினதும் முழிச்சுக்குவேன்" என்று பிரித்துச் சொல்லுங்கள்.

பெரியவன் நிறையக் கேட்டான். அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய வெட்டு கிடையாது, நாலைந்து சின்னத் துளைகள், அதில் ஒன்றில் கேமரா. எடுத்துவிடும் பகுதியில்தான் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது, அதனால் இடம் குறைவதோடு பசியும் குறையும். எடைக் குறைப்பிலேயே பைபாஸ் என்று இன்னொரு வகை ஆபரேஷன் உண்டு, அது வேறு. பையின் மேல்பகுதியில் 30 மில்லி அளவுக்கு ஒரு சின்ன அறை செய்து, அதைச் சிறுகுடலில் கொஞ்சம் கீழே தள்ளி உள்ள பகுதியோடு இணைப்பார்கள். பிள்ளை யூடியூபில் தேடத்தான் செய்வான். கூட உட்கார்ந்து, படம் வரைந்து விளக்கும் வீடியோவாகப் பாருங்கள். ரத்தம் தெரியும் ஆபரேஷன் வீடியோ வேண்டாம்.

"அம்மா, நீ செத்துப் போயிருவியா?" என்று கேட்டால்?

கேட்பார்கள். வாயைப் பொத்தி, "அபசகுனமா பேசாதே" என்று அடக்கிவிடாதீர்கள். அடக்கினால் பயம் உள்ளேயே தங்கிவிடும்.

அனுபவமுள்ள கைகளில் இந்த ஆபரேஷனின் ஆபத்து, பித்தப்பை ஆபரேஷனை ஒட்டிய அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆனாலும் தையல் கசிவு, ரத்தக்கசிவு, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது என்று சிலருக்குச் சிக்கல் வரத்தான் செய்கிறது. அதனால் "ஒண்ணுமே ஆகாது" என்று சத்தியம் செய்ய வேண்டாம். "கிட்டத்தட்ட எல்லாருமே நல்லபடியா வீட்டுக்கு வந்துடுறாங்க. டாக்டர் என்னை நல்லாப் பரிசோதிச்சுட்டாரு. ஏதாவது கஷ்டம்னா அப்பா அன்னிக்கே உன்கிட்ட சொல்லிடுவாரு" என்று சொல்லலாம். கடைசி வாக்கியத்தைச் சொன்னால், அப்பா அதைக் காப்பாற்ற வேண்டும். அவரிடம் முன்பே பேசி வையுங்கள்.

தன்னால்தான் அம்மாவுக்கு இப்படி ஆனது என்று பிள்ளை நினைக்குமா?

நினைக்கும், வெளியே சொல்லாது. "ரெண்டாவது பொறந்ததுக்கு அப்புறம்தான் இவளுக்கு உடம்பு போட்டுச்சு" என்று உறவுக்காரர்கள் எத்தனை முறை அந்த இரண்டாவது பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்லியிருப்பார்கள்! என் மகள் அதைக் கேட்டே வளர்ந்தவள். ஒருநாள் தலை பின்னும்போது, "நான் பொறக்கலைன்னா உனக்கு ஆபரேஷன் வேண்டியிருக்காது இல்ல?" என்றாள். சீப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் கேட்கும் வரை காத்திருந்திருக்கக் கூடாது. உங்கள் பிள்ளை கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்: "இது உன்னால வந்ததில்ல. நீ சேட்டை பண்ணினதால வந்ததில்ல. எங்க அப்பாவுக்கும் இப்படி இருந்துச்சு. உடம்போட அமைப்பு, ஹார்மோன், தூக்கம், சாப்பாடு எல்லாம் சேர்ந்து வர்ற நோய் இது." நோய் என்றே சொல்லுங்கள். டாக்டர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். நாமும் நம்மைத் திட்டிக்கொள்ளக் கூடாது. "தின்னு தின்னு இப்படி ஆயிட்டேன்" என்று நாம் சொன்னால், அடுத்த வேளை பிள்ளை தன் தட்டையே சந்தேகமாகப் பார்க்கும்.

ஸ்கூலில் கேலி செய்தால்? அதுவும் இரண்டு மொழியில்?

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கே உள்ள சிக்கல் இது. மலையாளத்தில் 'வண்ணம்' என்றால் உடல் பருமன், 'தடி' என்றாலும் அதுதான். நமக்கோ வண்ணம் நிறம், தடி கம்பு. மகள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுச் சேச்சி அன்பாகத்தான், "அம்மையுடெ வண்ணமொக்கெ போயல்லோ மோளே" என்றார். பிள்ளை ஓடி வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் கலர் எங்கேம்மா போச்சு?" என்று கேட்டாள். யார் என்ன சொன்னார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று சாயந்தரம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பயம் அர்த்தம் புரியாததால் வருவதுதான்.

'குண்டச்சி', 'தடிச்சி' இரண்டுமே குத்தும் சொற்கள். வீட்டுக்குள் யாரையும், டிவியில் வருபவர்களைக்கூட, அப்படிச் சொல்லக் கூடாது என்று நாங்கள் முடிவு செய்தோம். பதிலுக்கு ஒரு வரியைப் பழக்கிக் கொடுங்கள். தமிழில், "அம்மாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்போ தேவலை." மலையாளத்தில், "அம்மைக்கு சுகமில்லாயிருந்நு, இப்போள் பேதமாயி." அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் கொடுக்கத் தேவையில்லை என்பதையும் சொல்லிக் கொடுங்கள். வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில்?

பள்ளிக்கூடம், டியூஷன், படுக்கும் நேரம் எதையும் மாற்றாதீர்கள். யார் தலை பின்னுவார், யார் டிபன் கட்டுவார் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சின்னவர்களுக்கு அதுதான் பெரிய கவலை. முதல் வீடியோ காலுக்கு முன் முகம் கழுவித் தலை வாரிக்கொள்ளுங்கள், கையில் ட்ரிப்ஸ் இருக்கும் என்பதையும் சொல்லி வையுங்கள். திரும்பி வந்த பிறகு நாலு முதல் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. பிள்ளையையும் தூக்கக் கூடாது. "தூக்க மாட்டேன், ஆனா பக்கத்துல வந்து உக்காந்துக்கோ" என்று இடம் கொடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் பிள்ளைகள் ஏன் இவ்வளவு கலங்குகிறார்கள்?

இதைத்தான் நான் எல்லோரிடமும் அதிக நேரம் பேசுவேன். ஆபரேஷன் ஒரு நாளில் முடிந்துவிடும். சாப்பாடு தினம் மூன்று வேளை வரும்.

நம் வீடுகளில் பாசத்தை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்போம். பிள்ளை வைத்த மிச்சத்தை அம்மா வழித்துச் சாப்பிடுவாள். பிள்ளை தன் கையால் ஒரு வாய் ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். ஆபரேஷனுக்குப் பிறகு இதெல்லாம் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. முதல் இரண்டு வாரம் மோர், பருப்புத் தண்ணி, தெளிவான சூப், புரோட்டீன் பவுடர் மட்டும். அடுத்த இரண்டு வாரம் மசித்தது. அப்புறம் மெத்தென்று குழைந்தது. சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். வந்த பிறகும் அரை இட்லியில் நிறைந்துவிடும்.

என் மகள் ஒருநாள் தயிர்சோற்றை உருட்டி என் வாய்க்கு நேரே நீட்டினாள். அது மூன்றாவது வாரம். "வேண்டாம் கண்ணு" என்று கையைத் தள்ளினேன். அவள் அந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள். நான் வேண்டாமென்றது சோற்றை. அவள் கேட்டது வேறு.

டயட்டீஷியனிடம் அதைச் சொன்னேன். அவர் சொல்லிக் கொடுத்த வழி எளிமையானது. பிள்ளை ஊட்டட்டும், நீங்கள் சாப்பிடக் கூடியதை ஊட்டட்டும். அதற்குப் பிறகு மசித்த முட்டையையோ பருப்பையோ ஒரு கிண்ணத்தில் எடுத்து அவள் கையில் ஒரு சின்ன ஸ்பூனைக் கொடுத்துவிடுவேன். நான் நன்றாக மென்று விழுங்கும் வரை அடுத்த ஸ்பூனுக்குக் காத்திருப்பது அவள் பொறுப்பு. அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரம் எங்களுக்குக் கிடைத்தது.

பிள்ளைகளுக்கு விளக்க வேண்டிய இன்னும் சில விஷயங்கள் உண்டு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்க மாட்டேன், அரை மணி நேரம் கழித்துத்தான் குடிப்பேன். முதலில் முட்டை, மீன், பயறு, பனீர், அப்புறம்தான் சோறு, ஏனென்றால் நாளுக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும். அவசரமாகச் சாப்பிட்டால் வாந்தி வரும், அது பழைய நோய் திரும்பியது அல்ல. அப்புறம், உன் மிச்சத்தை இனிமேல் அம்மா சாப்பிட முடியாது, அதனால் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு வேண்டுமென்றால் மறுபடி கேள். இந்தக் கடைசி விஷயம் என் பிள்ளைகளுக்கும் நல்லதாகவே முடிந்தது.

தட்டு சின்னதானாலும் கூடவே உட்காருங்கள். சமையலறையில் நின்றபடி தனியாகக் குடித்து முடித்துவிடாதீர்கள்.

ஓணத்தின்போது ஒன்று நடந்தது. நாங்களும் இலை போட்டு சத்யை (ஓண விருந்து) வைப்போம். அந்த வருடம் ஆசைக்கு இரண்டு ஸ்பூன் பாலடைப் பாயசம் குடித்தேன். கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வேர்த்து, தலை சுற்றிப் படுத்துவிட்டேன். பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். இனிப்பு வேகமாகக் குடலுக்கு இறங்குவதால் வருவது இது. பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம். முன்பே, "இனிப்பு சாப்பிட்டா அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் படபடன்னு வரும், படுத்தா சரியாயிடும்" என்று சொல்லியிருந்தால் அந்த அழுகை இருந்திருக்காது.

முகமே மாறிவிட்டது, முடி கொட்டுகிறது. பிள்ளை பயப்படுகிறது.

மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது சகஜம். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். சீப்பில் கொத்தாக வரும்போது பிள்ளை பார்த்தால், இதைச் சொல்லுங்கள். மாத்திரையும் அப்படித்தான். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசு முழுக்க உண்டு. தினம் மாத்திரை போடுவதால் அம்மா இன்னும் நோயாளி என்று அர்த்தமில்லை என்பதைத் தெளிவாக்குங்கள்.

மகள் ஒருமுறை மடியில் உட்கார்ந்து, "எலும்பு குத்துது, பழைய மடிதான் நல்லா இருந்துச்சு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அது குறை சொன்னதல்ல. அவளுக்குத் தெரிந்த அம்மா அந்த மெத்தென்ற அம்மாதான். "எனக்கும் அது ஞாபகம் இருக்கு" என்று சொல்லி ஒரு தலையணையை மடியில் வைத்தேன்.

மகளும் கொஞ்சம் பருமன். "எனக்கும் ஆபரேஷனா?" என்கிறாள்.

"இல்லை. நீ வளர்ற பிள்ளை, உன் உடம்பு வேற" என்று நேராகச் சொல்லுங்கள். எடை மெஷினைப் பிள்ளைகள் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். உங்கள் டயட்டை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். பருப்பு, காய், பழம், சாயந்தர விளையாட்டு என்று வீட்டுக்கே பொதுவாக மாற்றுவது வேறு விஷயம், அது நல்லது. எடை பற்றிக் கவலை இருந்தால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள், சொந்தக்காரர்களிடம் கேட்க வேண்டாம்.

பதின்வயதுப் பெண்கள் விஷயத்தில் கூடுதலாகக் கண் வையுங்கள். எல்லோரும் அம்மாவைப் பார்த்து "மெலிஞ்சு அழகாயிட்டே" என்று புகழும்போது அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். வேளை தவறிச் சாப்பிடாமல் இருப்பது, சாப்பிட்டதும் பாத்ரூமுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வது, மாதவிடாய் நிற்பது இதெல்லாம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம்.

அப்பத்தாவும் அம்மிச்சியும் (அம்மாவின் அம்மா) பிள்ளைகள் முன்னாலேயே, "வாயைக் கட்டியிருந்தா போதாதா, இதுக்கு ஆபரேஷனா?" என்கிறார்களே?

பெரியவர்களைப் பிள்ளைகள் முன்னால் எதிர்த்துப் பேச வேண்டாம். தனியாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். நான் என் மாமியாரிடம், "அத்தை, பத்து வருஷமா நான் இருந்த பட்டினியெல்லாம் நீங்க பார்த்ததுதானே. இன்சுலின் நின்னுடுச்சு, அதையும் பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவரும் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்ததை மகன் என் சொல்லைவிட அதிகமாக நம்பினான்.

பிள்ளைகளிடம் "யார்கிட்டயும் சொல்லாதே" என்று பாரம் ஏற்ற வேண்டாம். "இது நம்ம வீட்டு விஷயம், நீ விரும்பற ஃப்ரெண்டுகிட்ட சொல்லலாம்" என்றால் போதும்.

ஆபரேஷன் அப்பாவுக்கு என்றால்?

பேச்சு இதேதான். ஒன்று மட்டும் கூடுதல். கேரளத்துக்கே கள்ளு போகும் சித்தூர் தாலுகா இது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம் குடித்தாலே வேகமாகத் தலைக்கு ஏறும், குடிப்பழக்கம் புதிதாகப் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. அப்பா இனி குடிக்க மாட்டார் என்பதைப் பிள்ளைகளிடம் அப்பாவே சொன்னால் நல்லது.

எடை திரும்ப ஏறினால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

முதல் ஒன்று, ஒன்றரை வருடம்தான் வேகமாக இறங்கும். அப்புறம் நிற்கும், பலருக்குக் கொஞ்சம் ஏறவும் செய்யும். ஆரம்பத்திலேயே இதையும் சொல்லி வைத்துவிடுங்கள்.

நான் 79 வரை இறங்கினேன். போன மாதம் மெஷின் 84 காட்டியது. பின்னால் நின்ற மகளை நான் கவனிக்கவில்லை.

"மறுபடியும் ஆபரேஷனாம்மா?" என்றாள்.

"இல்ல சாமி. கொஞ்சம் ஏறும்னு டாக்டர் முன்னாடியே சொன்னதுதான். அப்படி ஏதாவது வந்தா முதல்ல உன்கிட்டதான் சொல்வேன்."

"கல்லுன்னு சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு, என் செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள். கால்வாய்க் கரையில் நாங்கள் இருவரும் நடக்கப் போகும் நேரம் அது.